செப்டம்பர் மாதப் படம்

ஜாம் பாட்டில் படத்தில் ஸ்ட்ராபெரிப் பழத்துக்குக் கண் வரைந்தால் மட்டும் போதாது, மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட வேண்டும் என்று ஹரிதாஸ் கேட்டபோது சசிரேகா மறுத்துப் பேசவில்லை. கியா பார்ம் என்ற ஊரில் சாலையோரம் ஜாம் விற்கும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. பக்கத்துக் கடை பாட்டிலிலும் சிரிக்கிற ஸ்ட்ராபெரிதான் இருக்கிறது. தன்னுடையது கொஞ்சம் படித்த ஸ்ட்ராபெரி என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். சசிரேகா கண்ணாடி போட்டு அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே ஃபோன் வந்தது.

"தங்கச்சி, வாத்தியார் மாதிரி இருக்கு லா. சின்னப் புள்ளைங்க பயந்துரும்."

கண்ணாடி கழன்றது. பழையபடி சும்மா சிரிக்கிற பழமே பாட்டிலில் ஏறியது. ஹரிதாஸ் மகிழ்ச்சியாக இரண்டு பாட்டில் ஜாமைக் கொடுத்தனுப்பினார்.

அதற்கு முந்தைய வேலை பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை காய்கறி லோரி ஓட்டுகிறவர். மணமக்களை லோரியின் முன்பக்கம் உட்காரவைத்து வரையச் சொன்னார். லோரி வந்தால் நான் வரமாட்டேன் என்றாள் பெண். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சசிரேகாவுக்குக் கைப்பேசிப் புலனத்தில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மணமக்கள் முன்னால் பெரிதாக நின்றார்கள். லோரி வெகு தொலைவில், மலைப்பாதை வளைவு ஒன்றில், தீப்பெட்டி அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பெண் அதைக் கவனிக்கவே இல்லை. மாப்பிள்ளை திரையில் பெரிதாக்கிப் பார்த்து, வண்டி எண் சரியாக இருப்பதைக் கண்டு நன்றி சொன்னார்.

கோலாலம்பூரில் விளம்பர நிறுவனத்தில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆட்களை சசிரேகா பார்த்ததில்லை. அங்கே படம் வேண்டும் என்று கேட்டவர் ஒரு மாடியில் இருப்பார், வரைகிறவள் இன்னொரு மாடியில் இருப்பாள், நடுவில் நான்கு பேர் பேசிக்கொள்வார்கள். வேலையை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி, அப்பாவுக்குத் தோட்டம் கொடுத்த வீட்டின் முன்னறையில் மேசை போட்டுக்கொண்டபோது, ஆறு மாதம் தாங்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது மூன்றாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, அதற்கும் மேலே மூடுபனி. மழை பலத்தால் இணையம் போய்விடும். அப்போது யாரும் திருத்தம் சொல்ல முடியாது என்பதே ஒரு சுகம்.

அந்த வருடத்தின் பெரிய வேலை, தோட்டத்தை நடத்தும் தேயிலைக் கம்பெனியின் நாள்காட்டி. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். கம்பெனியில் விற்பனைப் பிரிவைக் கவனிக்கும் தனுஜா, ஈப்போவிலிருந்து வந்தவள், சசிரேகாவைவிட நாலைந்து வயது இளையவள். முதல் சந்திப்பிலேயே தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டாள். சேலை கட்டிய பெண், முதுகில் கூடை, விரல் நுனியில் கொழுந்து.

"தனுஜா, கூடையெல்லாம் இங்க யாரும் மாட்டுறதில்ல. இப்ப மெஷின்தான்."

"தெரியுங்க்கா. ஆனா டூரிஸ்ட் வாங்கறது கூடைய பாத்துத்தான்."

பேசிப்பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பதினோரு மாதம் தனுஜாவுக்கு. அதில் மூடுபனி, தேநீர்க்கடை, மாரியம்மன் கோயில் தேர், ரோஜாத் தோட்டம், இரண்டு இடத்தில் கூடை. ஒரு மாதம் சசிரேகாவுக்கு. அவள் செப்டம்பரை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஒரு படத்தை அவள் ஒரே காலையில் போட்டு முடித்தாள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஒரு ஆள் தூக்க முடியாது. தேயிலை நிரையின் மேல் அது குறுக்காகக் கிடக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட இலை பின்னால் கட்டிய நீளமான துணிப்பைக்குள் காற்றோடு பறந்து விழ, பை பாம்பு போல உப்பிக்கொண்டு தொடரும். இருவர் நடையும் ஒன்றாக இல்லாவிட்டால் செடியின் தலை மேடும் பள்ளமுமாகிவிடும். மழையில் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே இயந்திரம், பின்னால் பை. முகம் இல்லை. தொப்பியும் மழைச்சட்டையும் மறைத்திருந்தன. பன்னிரண்டிலும் உயிரோடிருந்தது அதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தனுஜாகூட அதைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்க்கா" என்றாள்.

நவம்பரில் ஒரு மழைப்பகலில் தனுஜாவே மாதிரிப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"நாளைக்கு மத்தியானம் பிரஸ்ஸுக்குச் சொல்லிடணும். ஏதாச்சும் மாத்தணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க்கா. அப்புறம் அச்சு ஓட ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியாது."

அம்மா அம்சவல்லி, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். தேருக்கு ஒரு கும்பிடு போட்டார். ரோஜாவைப் பார்த்து, "நம்ம வூட்டு ரோஜா மாதிரி இல்ல, பூச்சி இல்லாம இருக்கு" என்றார். செப்டம்பரில் அவர் கை நின்றது.

"இத யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன். ஏன்?"

"ஒங்கப்பாவையும் செல்வத்தையும் ஒரே மெஷினப் புடிக்க வச்சிருக்கியே டி."

சசிரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. "ம்மா, இதுல மூஞ்சியே இல்ல. தொப்பி, மழைச்சட்ட, அவ்வளவுதான். யாரா வேணா இருக்கலாம்."

"மூஞ்சி எதுக்கு? இங்க யாரு மூஞ்சியப் பாத்து ஆளக் கண்டுபுடிக்கிறா? எதுத்த மலையில நிக்கிறவர வாசல்லருந்து பாத்துத்தானே நான் ஒல வைக்கிறேன்." அம்மா விரலை வைத்துக் காட்டினார். "இந்தா, எடது தோளச் சாச்சுக்கிட்டு, முட்டிய மடக்காம நடக்கறது ஒங்கப்பா. அந்தப் பக்கம் பஸ்ஸ விட்டுட்ட ஆளு மாதிரி கழுத்த முன்னால நீட்டிக்கிட்டுப் போறது செல்வம் இல்லாம வேற யாரு? இந்த லயத்து வீடுங்கள்ல எந்தப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

சசிரேகா படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அம்மா சொன்ன பிறகு வேறு யாராகவும் அந்த இருவரையும் பார்க்க முடியவில்லை. அவள் யாரையும் பார்த்து வரையவில்லை. இரண்டு பேர் ஒரே நடையாக நடப்பது என்று நினைத்ததும் கை தானாகப் போட்டுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நிற்கிற வயதிலிருந்து எதிர்மலையில் அவள் பார்த்த ஜோடி அதுதான். தோட்டத்தில் அவ்வளவு நேர்த்தியாக வெட்டிய ஜோடி வேறு கிடையாது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணியே சொல்லியிருக்கிறார்.

அந்த ஜோடி பிரிந்து நாலு வருடம் ஆகிவிட்டது. அப்பா காளிமுத்துவுக்கு முழங்கால் வலி வந்திருந்த சமயம். புதிய இயந்திரங்கள் வந்து இறங்கின. யாருக்கு யார் ஜோடி என்று கங்காணி கேட்டபோது, அதுவரை ஜோடியாக இருந்த திருச்செல்வமே எல்லார் முன்னாலும், "காளிமுத்துவுக்கு நட தளந்துபோச்சு. எனக்கு வேற ஆளு குடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா திருச்செல்வத்தோடு பேசுவதில்லை. இப்போது அப்பாவுக்கு ஜோடி ஒரு நேப்பாளக்காரர். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் இருவருக்கும் பொதுவாகப் பத்து வார்த்தைகூடத் தெரியாது. காலையில் மலைக்குப் போகும் லோரியில் அப்பா முன்னால் நிற்பார், திருச்செல்வம் பின்னால் நிற்பார். கல்யாண வீட்டில் ஒருவர் முதல் பந்தி என்றால் மற்றவர் இரண்டாம் பந்தி. இரு வீட்டுக்கும் நடுவில் ஆறு வாசல். மனைவிமார் மட்டும் குழாயடியில் எப்போதும்போலப் பேசிக்கொண்டார்கள்.

இந்த நாள்காட்டி தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் போகும். ஒரு மாதம் முழுக்கச் சுவரில் தொங்கும். நடை தளர்ந்த ஆள் என்று தள்ளப்பட்டவரையும் தள்ளியவரையும், மகளே ஜோடி சேர்த்து ஊருக்குக் காட்டியிருக்கிறாள் என்று ஆகும். கேலி என்று அப்பா எடுத்துக்கொண்டால், அந்த வீட்டு மேசையில் இனி எதை வரைவது?

முதலில் அவள் திருத்திப் பார்த்தாள். அந்தப் பக்கத்து ஆளின் கழுத்தை நிமிர்த்தினாள். இந்தப் பக்கத்து ஆளின் முழங்காலை மடக்கினாள். உடனே இயந்திரத்துக்குக் கனம் போய்விட்டது. இரண்டு பொம்மைகள் ஏதோ பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றன. பழையபடி வைத்துவிட்டுத் தனுஜாவை அழைத்து, படத்தை எடுக்க வேண்டிவரலாம் என்றாள்.

"கவலப்படாதீங்க்கா," என்றாள் தனுஜா. "கூடைக்காரம்மா படம் ஒண்ணு கைவசம் இருக்கு. அத செப்டம்பர்ல போட்டுக்கலாம். டைரக்டருக்கும் அதான் புடிக்கும்."

ஃபோனை வைத்ததும் அம்மா ஒரு வழி சொன்னார். "மொதல்ல அந்தாளக் கேளு. அங்க மாட்டேன்னுட்டா ஒங்கப்பாகிட்ட பேச்சே எடுக்க வேணாம். கூடைய மாட்டிவுட்டுரு."

மழை விட்டு, லோரி ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. திருச்செல்வம் வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். சசிரேகாவைக் கண்டதும் ஆச்சரியத்தைக் காட்டாமல், "என்னா ஆர்ட்டிஸ்ட்டு, வழி தவறி வந்துட்டியா?" என்றார்.

"ஒங்களப் பாக்கத்தான் மாமா."

அவள் செப்டம்பரை விரித்துக் காட்டினாள். எதையும் விளக்கவில்லை. அவர் குச்சியைக் கீழே வைத்தார். அவர் மனைவி திலகா உள்ளிருந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அட, இவரு!" என்றார் திலகா. "கழுத்தப் பாரு. கோழி கூண்டுலருந்து எட்டிப் பாக்கற மாதிரி."

"நீ போயி அடுப்பப் பாரு." திருச்செல்வம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது பதினாலாம் நம்பர் மலதானே? அந்தச் சரிவு."

"ஆமா மாமா. இது கம்பெனி கலண்டருக்கு. எல்லா வீட்டுக்கும் குடுப்பாங்க."

"ஒங்கப்பன் பாத்தானா?"

"இன்னும் இல்ல."

"அதானே, பாத்திருந்தா நீ இங்க வந்திருக்க மாட்ட." அவர் மறுபடி குச்சியை எடுத்தார். சுரண்டுவதற்கு அந்த பூட்ஸில் சேறு மிச்சம் இல்லை. "எனக்கு என்னா இருக்கு. அவன் வேணாம்னா வேணாம். ஆனா நான் வேணாம்னு சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத. நான் அப்படிச் சொல்லல. புரியுதா?"

"புரியுது மாமா."

"டீ குடிச்சிட்டுப் போ."

"அடுத்த தடவ மாமா. அப்பா வந்திருப்பாங்க."

அப்பா வந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா தேநீரைக் கொடுத்துவிட்டு, சசிரேகாவுக்குக் கண்ணைக் காட்டினார். தள்ளிப்போட்டால் துணிச்சல் போய்விடும் என்று அவள் உடனே நாள்காட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் குவளையை வைத்துவிட்டுப் பார்த்தார். தொழிற்சாலைப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணும்னு போடலப்பா," என்றாள். "கை அப்படியே போட்டுருச்சு. நீங்க வேணாம்னா எடுத்துரலாம். வேற படம் இருக்கு."

"அவன்கிட்ட காட்டிட்டியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"காட்டிட்டேன்."

"என்னா சொன்னான்?"

"வேணாம்னு சொல்லல. நீங்க வேணாம்னா வேணாமாம்."

"ஓ." அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நான் வேணாம்னு சொல்லணும். காளிமுத்து வெக்கப்பட்டுக்கிட்டு படத்த எடுக்கச் சொல்லிட்டான்னு இவன் லோரி பூரா சொல்லிக்கிட்டு வரணும். அதானே?"

"அந்தாளு அப்படியெல்லாம் சொல்லல லா," என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. அவன எனக்குத் தெரியாதா?"

மறுபடி படத்தை இழுத்துக்கொண்டார். இந்த முறை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். விரல் இயந்திரத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. இயந்திரம் எப்போதும் நிரைக்குச் சற்றுச் சாய்வாகத்தான் போகும். பிடித்திருக்கும் இருவரில் ஒருவர் அரையடி முன்னால் இருப்பார்.

"இதுல யாரு முன்னால போறா?" என்று கேட்டார்.

சசிரேகா குனிந்து பார்த்தாள். வரைந்தவள் அவள்தான், ஆனாலும் பார்க்க வேண்டியிருந்தது. இடது தோள் சாய்ந்த ஆள் அரையடி முன்னால் இருந்தார். கழுத்தை நீட்டியவர் அவரை எட்டிப் பிடிக்கத்தான் நீட்டியிருக்கிறாரோ என்றும் தோன்றியது.

"நீங்கதாம்ப்பா."

"நான்தான் முன்னால போறேன். அவன் பின்னால வரான்." அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை என்பது அவளுக்கு மெல்லத்தான் விளங்கியது. "நட தளந்துபோச்சுன்னான்ல? போடு. எல்லா வூட்டுலயும் மாட்டட்டும். அவன் வூட்டுல பெருசா மாட்டட்டும்."

அன்று மாலையே சசிரேகா தனுஜாவுக்கு எழுதினாள்: மாற்றம் ஒன்றும் இல்லை, செப்டம்பர் அப்படியே இருக்கட்டும். அனுப்பிய பிறகும் நிம்மதி முழுதாக வரவில்லை. படம் தப்பித்துவிட்டது. ஆனால் அது அப்பாவின் கையில் எறிய ஒரு கல்லாக ஆகிவிட்டதோ என்று இருந்தது. திருச்செல்வம் மாமா அரையடியைக் கவனித்தாரா, கவனித்தும் பேசாமல் இருந்தாரா என்றும் தெரியவில்லை. கவனிக்காமல் இருக்க மாட்டார். அந்தச் சரிவைப் பார்த்தே மலையின் எண்ணைச் சொன்னவர்.

டிசம்பர் தொடங்கியபோது அவள் வேறு வேலையில் இருந்தாள். ஈப்போவில் பல் மருத்துவர் ஒருவர், குழந்தைகள் பகுதியின் சுவருக்கு முதலை கேட்டிருந்தார். பல் தெரிய வேண்டும், பயமாக இருக்கக்கூடாது. மூன்றாவது முதலையும் திரும்பி வந்திருந்தது. அவளுக்கு அது பிடித்தே இருந்தது. பயமுறுத்தாமல் பல்லைக் காட்டுவது எப்படி என்று யோசிக்க ஒருவர் காசு கொடுக்கிறார் என்பதை நினைத்து ஒரு காலைப்பொழுது முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் நாள்காட்டி வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது கணக்கு எழுதும் கிராணி ஆளுக்கு ஒன்று கொடுத்தார் என்றும், ஜனவரியை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் நேரே செப்டம்பரைத்தான் புரட்டினார்கள் என்றும் குழாயடிச் செய்தி பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு என்ன ஆனது என்பதற்குக் குழாயடியில் தகவல் இல்லை. மலையில் நடந்ததை மலையிலிருந்து வருகிறவர்தான் சொல்ல வேண்டும். அம்மா அன்று இரண்டு முறை வாசலுக்குப் போய் எதிர்மலையைப் பார்த்தார். பனி இறங்கி மூடியிருந்தது. சசிரேகா முதலைக்கு ஒரு பல்லைப் போட்டு அழித்து, போட்டு அழித்தாள்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். சுருட்டிய நாள்காட்டியை நனையாமல் மழைச்சட்டைக்குள் வைத்திருந்தார். பூட்ஸைக் கழற்றினார். கால் கழுவினார். வந்து உட்கார்ந்தார். அம்மா தேநீரை வைத்தார்.

"வயித்தக் கொறைக்க முடியுமாம்மா?" என்றார் அப்பா, சசிரேகாவைப் பார்த்து.

"யாரு வயித்த?"

"படத்துலதான். மழைச்சட்டைக்குள்ளயே அவ்வளவு பெருசாத் தெரியுதாம். ஊரே சிரிக்குதாம்."

சசிரேகா கையிலிருந்த பென்சிலை வைத்தாள். "யாருப்பா கேட்டா?"

"யாரு கேப்பா? அவன்தான். லோரில பின்னாலருந்து எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு முன்னால வந்தான். ஒம் மவ எனக்கு இவ்வளவு பெரிய வயித்த வச்சிருக்கா, நீ பாத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கன்னான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அச்சு ஓடிருச்சேப்பா. இனி ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான் வரஞ்சிருக்கா, சாப்பாட்டக் கொறைன்னேன்."

"அதுக்கு?"

"ஏசினான்," என்றார் அப்பா. "பதினாலாம் நம்பர் போய்ச் சேர்ற வரைக்கும் ஏசிக்கிட்டே வந்தான்."

அதைச் சொல்லிவிட்டுக் குவளையை ஒரே மூச்சில் காலி செய்து, அம்மா பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.